குவாண்டம் டாட்டை எம்ஓஎஃப்-க்குள் வைப்பது: கேள்வி பதில்

கேள்வி: குவாண்டம் டாட் (சில நானோமீட்டர் அளவே உள்ள குறைக்கடத்தித் துகள்) தானாகவே நன்றாக ஒளிர்கிறதே, அதை ஏன் எம்ஓஎஃப் என்ற நுண்துளைச் சட்டகத்துக்குள் அடைக்க வேண்டும்?

பதில்: ஒளிர்கிறது, எத்தனை நாளைக்கு என்பதுதான் சிக்கல். ஈயம் கலந்த சீசியம் லெட் புரோமைடு டாட் 520 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம் பளிச்சென்று பச்சை தரும். ஆனால் அது அயனிப் படிகம். ஈரம் பட்டால் சிதையும், சூட்டில் பக்கத்து டாட்டோடு ஒட்டிப் பெரிதாகி மங்கிவிடும். உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் கோத்த எம்ஓஎஃப் சட்டகம் டாட்களைப் பிரித்தே வைக்கும். இன்னொன்று, பச்சைக்குப் புரோமைடு டாட்டையும் சிவப்புக்கு அயோடைடு டாட்டையும் சும்மா கலந்தால் ஹாலைடுகள், அதாவது புரோமைடும் அயோடைடும், இடம் மாறி, நடுவே ஏதோ ஒரு நிறத்தில் போய் நிற்கும். தனித்தனிச் சட்டகத்தில் அது வெகுவாகக் குறையும்.

கேள்வி: அண்ணா, ஜிஃப்-8 என்ற எம்ஓஎஃப்-இல் துளையின் வாய் 0.34 நானோமீட்டர்தானாம். 3 நானோமீட்டர் டாட் எப்படி உள்ளே போகும்?

பதில்: போகாது! துளைக்குள் டாட் உட்கார்ந்திருப்பதுபோல் படம் போடுபவர்கள் இதைச் சொல்வதே இல்லை. உள்ளறையே 1.16 நானோமீட்டர்தான். அதனால் முதலில் டாட்டைச் செய்து, மேலே பிவிபி பாலிமர் பூசி, துத்தநாக நைட்ரேட்டும் 2-மெத்தில்இமிடசோலும் கலந்த மெத்தனாலில் போடுவார்கள். சட்டகம் டாட்டைச் சுற்றி வளரும்.

மறுவழி எனக்கு இன்னும் பிடிக்கும். ஈயம் உள்ள எம்ஓஎஃப்-இல் மெத்தில்அம்மோனியம் புரோமைடு கரைசல் பட்டால், சட்டகத்தின் ஈயமே பெரோவ்ஸ்கைட் டாட்டாக (சீசியம் லெட் புரோமைடு போன்ற படிக அமைப்புள்ள டாட்டாக) மாறும். 2017-இல் இதை ரகசிய எழுத்துக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். எம்ஓஎஃப் மையில் அச்சடித்தது கண்ணுக்குத் தெரியாது. அந்தப் புரோமைடு உப்புக் கரைசல் பட்ட பிறகு புறஊதா விளக்கில் பச்சையாக எழும்.

கேள்வி: அப்போ எல்இடி செய்துவிடலாமே?

பதில்: எந்த எல்இடி? நீல எல்இடி மேல் படலமாகப் போட்டு நிறம் மாற்ற என்றால் சரி, தோதான பொருள். மின்சாரம் பாய்ச்சி டாட்டையே ஒளிர வைக்க என்றால் இடிக்கும். பெரும்பாலான எம்ஓஎஃப்கள் மின்கடத்தாப் பொருள்கள்; எலக்ட்ரான் டாட் வரை போய்ச் சேர வழியில்லை. மின்கடத்தும் நிக்கல் எம்ஓஎஃப் இருக்கிறது, ஆனால் அது கருநிறம், டாட் விடும் ஒளியைத் தானே விழுங்கும். என்னைக் கேட்டால் இப்போதைக்குப் படலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: சூரிய ஒளியை வாங்கித் தர உதவுமா?

பதில்: உதவும். டாட் ஒளியை வாங்கி, போர்ஃபிரின் என்ற நிறமி மூலக்கூறு கோத்த எம்ஓஎஃப்-க்கு ஆற்றலைக் கைமாற்றும். தூரத்தின் ஆறாம் அடுக்கில் அது குறைவதால் இரண்டும் சில நானோமீட்டர் நெருக்கத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: டாட்டில் உள்ள ஈயம் வெளியே கசியாதா?

பதில்: சட்டகத்துக்குள் வைத்தால் கசிவு குறையும், முழுக்க நிற்காது. ஜிஃப்-8 தண்ணீரை ஓரளவு தாங்கும், அமிலத்தில் கரைந்துவிடும். ஒரு கட்டுரை ‘நிலையானது’ என்றால், எந்தக் கரைசலில், எத்தனை மணி நேரம் என்று முதலில் பாருங்கள்.