பவரைக் குறைச்சா சத்தம் ஏன் உடையுது?

கேள்வி: அண்ணே, ஹட்டன்ல லயத்துல இருந்துகிட்டு ரெண்டு ஈஎல்34 வால்வுல (சத்தத்தைப் பெருக்குற கண்ணாடிக் குழாய்) நானே கிட்டார் ஆம்ப் செஞ்சேன், பக்கத்து காம்பரால ஏசுறாங்கன்னு வால்வுக்குப் போற வோல்ட்டைக் குறைச்சு சத்தத்தைக் குறைக்கிற பவர் ஸ்கேலிங்கும் போட்டேன், ஃபுல்லா வச்சா நல்லாருக்கு, குறைச்சா மெலிஞ்சுபோய் கரகரங்குது.

பதில்: தம்பி, அந்த வோல்ட்டைக் குறைக்கிற மொஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) ஷார்ட்டுன்னா சத்தம் குறையவே குறையாது, அதனால எனக்கு சந்தேகம் பயஸ் மேலதான், அதாவது வால்வுல ஓடுற கரண்டைக் கட்டுப்படுத்த கிரிட்ங்கிற கம்பிவலைக்குக் குடுக்கிற மைனஸ் வோல்ட். அதைத் தனி சப்ளைல இருந்து குடுக்கிற ஃபிக்ஸ்ட் பயஸா வச்சிருக்கீங்களா? வால்வோட பிளேட், ஸ்கிரீன் முனைகள்ல வோல்ட் 400ல இருந்து 100க்கு இறங்குறப்போ கிரிட் மட்டும் மைனஸ் 36லயே நின்னா வால்வு அணைஞ்ச மாதிரிதான், ஒரு வால்வு விட்டு அடுத்தது புடிக்கிற இடத்துல சிக்னல் அறுந்து கரகரங்கும். பயஸும் கூடவே மைனஸ் 9 கிட்ட இறங்கணும், மீட்டர் வச்சுப் பாருங்க. வால்வோட கத்தோட் முனையில ரெசிஸ்டர் போட்டு எடுக்கிற கத்தோட் பயஸ்னா அது தானா சரிபண்ணிக்கும், எனக்கு அதுதான் புடிக்கும். கை வைக்க முன்னாடி பிளக்கைக் கழட்டி, ரெசிஸ்டர் வச்சு கப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணிருங்க, ஆஃப் பண்ணினாலும் ஷாக் அடிக்கும், நான் வாங்கியிருக்கேன்.