ஒரே தோட்டம், வேறு வேறு ஆண்டுகள் – கடிதம்

அன்புள்ள சார்,

பாரிஸ் உணவகங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ஒரே ஷாத்தோவின், அதாவது ஒரே ஒயின் பண்ணையின், சிவப்பு ஒயினைப் பல ஆண்டுகளுக்கு வரிசையாக வைத்துச் சுவைத்ததாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நான் ஒயின் குடிப்பது எப்போதாவதுதான். ஆனாலும் அந்த வரியிலிருந்து மனசு நகர மாட்டேன் என்கிறது.

பழசாக ஆக ஒயின் நன்றாகிக்கொண்டே போகும் என்பது உண்மைதானா? என் மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் சில வருடங்களாக எங்கள் வீட்டு ஷோகேஸில் நிற்கிறது. தங்கை கல்யாணத்துக்குத் திறக்கலாம் என்று வீட்டில் பேச்சு. இரண்டாவது, அப்படி ஆண்டு வரிசையில் குடித்தால் ஒரு ஒயின் எப்படி மூப்படைகிறது என்பதைக் கண்ணெதிரே பார்த்துவிடலாம், இல்லையா? ஒரே மனிதரின் புகைப்படங்களைச் சிறுவயதிலிருந்து வரிசையாகப் பார்ப்பதுபோல? மூன்றாவது, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதெல்லாம் பணக்காரர்களின் பந்தா என்று என் நண்பன் சொல்கிறான்.

எஸ்.,
சென்னை

அன்புள்ள எஸ்.,

மாமாவின் பாட்டிலை முதலில் முடித்துவிடுவோம். கல்யாணம் வரை காத்திருக்க வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே திறந்துவிடுங்கள். உலகத்தில் தயாராகும் சிவப்பு ஒயினில் பெரும்பகுதி, கடைக்கு வந்த ஓரிரு ஆண்டுகளில், மிஞ்சிப்போனால் ஐந்தாறு ஆண்டுகளில், குடித்துத் தீர்ப்பதற்காகவே செய்யப்படுவது. வைத்திருந்து குடிக்க வேண்டியவை மிகக் கொஞ்சம். அவற்றுக்கும் 12, 13 டிகிரி குளிர்ச்சி, இருட்டு, ஈரப்பதம் எல்லாம் வேண்டும். கார்க் நனைந்தே இருக்கும்படி பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும். உங்கள் பாட்டில் நின்றபடியே சென்னைக் கோடைகளைத் தாண்டியிருக்கிறது. பெரும்பாலும் வெந்த பழத்தின் வாசனையோடு தட்டையாக இருக்கும். காடி நெடி அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். நன்றாக இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம், மாமாவுக்கு போன் போட்டுச் சொல்லுங்கள்.

நன்றாகிக்கொண்டே போகும் என்பதும் சரியல்ல. நல்ல ஒயின் மாறிக்கொண்டே போகும், அவ்வளவுதான். இளமையில் இருக்கும் பழ வாசனை குறையும், வேறு வாசனைகள் வரும். ஒரு கட்டத்தில் இரண்டும் சேர்ந்து நிற்கும். அது சில ஒயின்களுக்கு ஐந்து ஆண்டு நீடிக்கும், சிலவற்றுக்கு இருபது. அப்புறம் இறக்கம்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே மனிதரின் புகைப்படங்கள் என்கிறீர்கள். இல்லை. மேசையில் வரிசையாக நிற்பவர்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூத்தவருக்கு நரை விழுந்திருக்கிறது, கடைக்குட்டி இன்னும் துள்ளுகிறான். ஆனால் மூத்தவர் அமைதியாக இருப்பது வயதினாலா, பிறவிக் குணமா? கடைக்குட்டியும் அறுபது வயதில் அப்படித்தான் ஆவான் என்று யார் சொன்னது? 1990ஆம் ஆண்டின் ஒயின் நான்கு வருடம் மூப்படைந்தால் 1986 ஆகிவிடாது. அந்த இரண்டு ஆண்டுகளின் வெயிலும் மழையும் வேறு, அறுவடை நாள் வேறு. வரிசையாகச் சுவைக்கும்போது வயதும் வானிலையும் ஒன்றாகக் கலந்துதான் நாக்குக்கு வரும். பிரித்துப் பார்ப்பதில்தான் சிரமம், சுவாரசியமும் அதில்தான்.

நான் அன்று குறிப்பிட்டது லியோவில் பார்ட்டன் என்ற ஷாத்தோவின் ஒயின். பிரான்ஸின் போர்தோ நகருக்கு வடக்கே ஜிரோந்த் முகத்துவாரத்தின் இடது கரையில் மெடாக் வட்டாரம் இருக்கிறது. அதில் சேன் ஜூலியன் என்ற சின்ன ஊர். மண் என்று சொல்வதைவிட கூழாங்கல் என்று சொல்வதே சரி. மழைத்தண்ணீர் தங்காமல் இறங்கிவிடும், வேர் ஆழத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். தோட்டத்தின் பெரும்பகுதி கபெர்னே சோவின்யோன். தோல் தடித்த, சின்னச் சின்ன திராட்சை; துவர்ப்பு ஏராளம். மிச்சத்தில் பெரும்பாலும் மெர்லோ, அதைவிடச் சீக்கிரம் பழுக்கும் திராட்சை. ஒரு காலத்தில் லியோவில் என்பது ஒரே பெரிய பண்ணை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அது மூன்றாக உடைந்தது. அதில் ஒரு துண்டை ஐரிஷ் குடும்பத்தைச் சேர்ந்த ஹ்யூ பார்ட்டன் 1826இல் வாங்கினார். பக்கத்திலிருந்த லாங்கோவாவை 1821இலேயே வாங்கிவிட்டார். லியோவில் பார்ட்டனுக்குச் சொந்தமாக மாளிகை கிடையாது. லேபிளில் நீங்கள் பார்க்கும் மாளிகை லாங்கோவாவுடையது, ஒயினும் அங்கேதான் தயாராகிறது. 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போட்ட போர்தோ ஒயின் தரப்பட்டியலில் லியோவில் பார்ட்டன் இரண்டாம் தரம். இன்றுவரை அதே குடும்பத்தின் கையில். இரண்டாம் உலகப் போரில் அப்போதைய உரிமையாளர் ரொனால்ட் பார்ட்டன் நாட்டைவிட்டு ஓட வேண்டியிருந்தது. இது ஐரிஷ் சொத்து, அயர்லாந்து நடுநிலை நாடு, தொடக்கூடாது என்று அவருடைய தொழில் பங்காளி ஜெர்மானியரிடம் வாதாடிக் காப்பாற்றினார் என்பார்கள். தமிழ்ச் சினிமாவுக்கு ஆகும் கதை.

வரிசைச் சுவைப்புக்கு இப்படிப்பட்ட வீடு வசதி. தோட்டம் மாறவில்லை, குடும்பம் மாறவில்லை. ரொனால்டின் சகோதரர் மகன் அந்தோணி பார்ட்டன் 1983இல் பொறுப்பெடுத்தார். நாங்கள் திறந்தவை எல்லாம் அதற்குப் பிந்தியவை: 1986, 1990, 1996, 2000, 2003, 2010. ஆளாளுக்குப் பணம் போட்டு வாங்கியது. ஓய்வுபெற்ற சொமெலியே, அதாவது உணவகத்தில் ஒயினைத் தேர்ந்து பரிமாறுகிறவர், ஒரு நண்பர்தான் மேற்பார்வை. அவர் பாட்டில்களை முந்தின நாளே நிறுத்தி வைத்திருந்தார், கசடு அடியில் தங்குவதற்காக.

1986இன் கார்க் திருகியில் பாதியிலேயே பிய்ந்தது. நண்பர் பதறவில்லை. இரட்டைத் தகடு உள்ள திறப்பானைக் கார்க்கின் இரண்டு பக்கமும் செருகி, மெல்ல ஆட்டி ஆட்டி மிச்சத்தை எடுத்தார். அப்புறம் பாட்டிலின் கழுத்துக்குக் கீழே மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, ஒரே சீராக டிகேண்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றினார். கடைசியில் வெளிச்சத்தில் கறுப்பாக ஒரு கோடு பாட்டிலின் தோளைத் தாண்டி வந்தது. உடனே நிறுத்திவிட்டார். அந்தக் கறுப்புக் கோடுதான் மூப்பு. இந்தத் திராட்சைகளின் சாற்றுக்கு அநேகமாக நிறம் கிடையாது. சிவப்பெல்லாம் தோலிலிருந்து வருவது. துவர்ப்பைத் தருகிற டானினும் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது, பீப்பாயின் ஓக் மரத்திலிருந்து கொஞ்சம். கடுந்தேநீரிலும் பாக்கிலும் இருப்பது இதே வகைப் பொருள்தான். ஆண்டுகள் போகப்போக நிறப்பொருளும் டானினும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகி, கரைந்திருக்க முடியாமல் கீழே இறங்கிவிடும். அதனால்தான் பழைய ஒயின் வெளிறும், துவர்ப்பு தணியும், அடியில் கசடு சேரும்.

கிளாஸை வெள்ளைத்தாளின் மேல் சாய்த்துப் பிடித்து விளிம்பைப் பார்ப்பது வழக்கம். இளம் ஒயினில் விளிம்பு ஊதாவாக இருக்கும். பிறகு மாணிக்கச் சிவப்பு, பிறகு செங்கல், கடைசியில் பழுப்பு. 2010 நடுவில் மைபோல் கறுத்து, விளிம்பிலும் ஊதாச்சாயல் போகாமல் இருந்தது. 1986 செங்கல். இதுவரை எல்லாம் பாடப்புத்தகம் சொல்கிறபடிதான்.

குடிக்க ஆரம்பித்ததும் கணக்கு தப்பியது. 1990, 1986ஐவிட வயதானதுபோல் இருந்தது. மென்மை, இனிப்பின் சாயல், புகையிலை, பழைய தோல் வாசனை. இனிக் காத்திருக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது. அதற்கு நான்கு வயது மூத்தது இன்னும் விறைப்பாக, ஈறைப் பிடித்து இழுத்துக்கொண்டு. காரணம் அந்த ஆண்டுகளில் இருக்கிறது. 1990 நல்ல வெயில், வறட்சி, விளைச்சலும் ஏராளம். பழம் முழுக்கப் பழுத்தது. 1986இல் செப்டம்பர் கடைசியில் போர்தோவில் பெருமழை கொட்டியது. மெர்லோவை நம்பியிருந்த இடங்களுக்கு அடி. மெடாக்கில் கபெர்னே இன்னும் கொடியில் இருந்தது, மழை விட்ட பிறகு வந்த வெயிலில் நிதானமாகப் பழுத்தது. சிறப்பான ஒயின், ஆனால் டானின் அதிகமான, பொறுமையைச் சோதிக்கும் ஒயின். வெறும் ஆண்டு எண்ணைப் பார்த்துவிட்டு 1986 முதிர்ந்திருக்கும் என்று நம்பினால் ஏமாற்றம்தான்.

2003இலும் அப்படித்தான். அந்த ஆகஸ்டின் அனல்காற்றில் பிரான்ஸில் சுமார் 15,000 பேர் செத்துப்போனார்கள். ஒயினைப் பற்றிப் பேசும்போது அதை மறந்துவிடுகிறோம். திராட்சை வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரம் பழுத்தது, அறுவடையும் முன்னாலேயே வந்தது. எங்கள் மேசையில் 2003க்குப் பேரீச்சை, உலர்ந்த அத்திப் பழத்தின் வாசனை. கண்ணை மூடிக்கொண்டு குடித்த ஒருவர் 1990 என்றார். நான் அவரைக் கேலி செய்யவில்லை. வெயில் வெயிலோடு உறவு கொண்டாடுகிறது, பதின்மூன்று வயது இடைவெளியைப் பொருட்படுத்தாமல். நான் புதுச்சேரிக்காரன், வெப்பத்தோடு வளர்ந்தவன். ஆனாலும் வெப்ப ஆண்டு ஒயின்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. முதல் வாயில் எல்லாவற்றையும் கொடுத்துவிடும், மூன்றாவது வாய்க்கு மிச்சமில்லை.

2000 பேசவே இல்லை. நல்ல ஒயின்கள் சில காலம் இப்படி மூடிக்கொள்ளும். இளமையின் பழம் போயிருக்கும், முதுமையின் வாசனை வந்திருக்காது, துவர்ப்பு மட்டும் வாசலில் நிற்கும். அந்த நேரத்தில் திறந்தவர்கள் இதற்கா இவ்வளவு காசு என்று திட்டுவார்கள். ஒயினின் மேல் குற்றமில்லை.

எனக்குப் பிடித்தது 1996. மெடாக்கில் கபெர்னேவுக்கு வாய்த்த ஆண்டு, செப்டம்பர் குளிர்ச்சியாகவும் வறண்டும் இருந்தது. பிளாக்கரண்ட் பழ வாசனை இன்னும் போகவில்லை; அதன் கூடவே பென்சில் சீவிய வாசனை, மழை விட்ட காட்டின் ஈர இலை. இரண்டு பருவமும் ஒரே கிளாஸில். நண்பருக்கு 1986தான் பெரிது, இன்னும் பத்து வருடம் விட்டால் தெரியும் என்றார். அவருக்கு எண்பது நெருங்குகிறது.

எந்த வரிசையில் குடிப்பது என்பதிலும் சண்டை உண்டு. இளையதிலிருந்து முதியதுக்குப் போனால் கடைசியில் வருகிற நுட்பமான பழைய ஒயின், டானினில் மரத்துப்போன நாக்குக்கு எட்டாது. முதியதிலிருந்து தொடங்கினால் அடுத்தடுத்து வருகிறவை முரடாகத் தெரியும். நான் முதியதிலிருந்து தொடங்கும் கட்சி. வாய் சுத்தமாக இருக்கும்போதே பழசைப் பார்த்துவிட வேண்டும். அப்புறம், தொழில் தெரிந்தவர்கள் விழுங்குவதில்லை, துப்புவதற்குப் பக்கத்தில் வாளி இருக்கும். எங்கள் கூட்டத்தில் 1996 வந்தபோது வாளியை யாரும் சீந்தவில்லை.

இன்னொன்று. ஒரே பெட்டியில் வந்த இரண்டு பாட்டில்கூட முப்பது வருடத்தில் வேறு வேறாகிவிடும். கார்க் மரப்பட்டையில் செய்தது, ஒன்று கொஞ்சம் கூடுதலாகக் காற்றை விடும், மற்றொன்று விடாது. பழைய ஒயினை வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது பாட்டிலில் ஒயின் எந்த மட்டம் வரை நிற்கிறது என்பதை. கழுத்தில் நின்றால் சரி, தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் கையை இழுத்துக்கொள்வார்கள். ஆகவே நான் மேலே எழுதியதெல்லாம் நாங்கள் திறந்த அந்தப் பாட்டில்களைப் பற்றியது மட்டும். வேறு மேசையில் 1990 இன்னும் துள்ளிக்கொண்டிருக்கலாம்.

பந்தா பற்றி உங்கள் நண்பர் சொல்வதில் பாதி நியாயம். முதல் தர ஷாத்தோக்களின் பழைய பாட்டில்கள் ஏலத்தில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன, திறப்பார் இல்லை. அது ஒயினே அல்ல, பங்குப் பத்திரம். அந்தோணி பார்ட்டன் 2022இல் காலமானார். தன் ஒயினின் விலையை அக்கம்பக்கத்து வீடுகள் அளவுக்கு ஏற்றாமல் வைத்திருந்தவர் என்று அவருக்குப் பெயர். எங்களைப் போன்றவர்கள் அவர் ஒயினைத் தொட முடிந்ததே அதனால்தான்.

மூப்பு எப்படி நடக்கிறது என்று நிஜமாகவே பார்க்க வேண்டுமானால் பல ஆண்டுகளின் பாட்டில்கள் தேவையில்லை. ஒரே ஆண்டின் ஒரே ஒயினில் ஆறு பாட்டில் வாங்குங்கள். நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு பாட்டில் விலைதான். போர்தோவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்பெயினின் ரியோகாவில் லோபஸ் தே எரேதியா என்ற பழைய நிறுவனம், தன்னுடைய ரிசர்வா ஒயின்களைப் பீப்பாயிலும் பாட்டிலிலுமாகப் பல ஆண்டு வைத்திருந்துதான் விற்பனைக்கே அனுப்புகிறது. காத்திருக்கும் வேலையில் ஒரு பகுதியை அவர்களே செய்துவிடுகிறார்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலையடியில் குரோவர் ஜாம்பாவின் லா ரிசர்வ் இருக்கிறது. அதற்கு ஆலோசனை சொன்னவர் போர்தோவின் மிஷேல் ரோலான். பத்து இருபது ஆண்டு தாங்கும் என்று நான் சொல்லமாட்டேன், நாலைந்து ஆண்டு வித்தியாசம் தெரியும். சென்னையில் முதல் செலவு ஒயினுக்கல்ல, 13 டிகிரியில் நிற்கும் ஒரு சின்ன ஒயின் அலமாரிக்கு. சாதாரண ஃப்ரிட்ஜ் இதற்கு ஆகாது, குளிர் அதிகம், காற்றும் வறட்சி. மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள். ஒன்றை இப்போதே திறங்கள், மற்றவற்றை வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கில். நிறம், வாசனை, துவர்ப்பு மூன்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல். கடைசிப் பாட்டிலைத் திறந்துவிட்டுத்தான் நோட்டுகளைப் பிரித்துப் படிக்க வேண்டும். பந்தா என்கிற அந்த நண்பரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.