அந்த நாற்காலி எப்படி வந்தது?

அன்புள்ள ஐயா, நான் ஒரு நிறுவனத்தின் மனிதவளத் துறையில் பணியாற்றுகிறேன். எங்களிடம் சங்கம் இல்லை. வசதிகளையெல்லாம் நிர்வாகமே தருகிறது. சங்கத் தலைவர்கள் விலைபோனதைப் பற்றியும் நிறையக் கேள்விப்படுகிறேன். இனியும் சங்கம் தேவைதானா? படிக்க ஒரு நூல் சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பிக்கு,

நூலுக்கு அவசரமில்லை. விலைபோன தலைவர்கள் உண்டு; விலைபோன மேலாளர்களும் உண்டு, அதற்காக நிர்வாகமே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

என்னை வருத்தியது, ‘நிர்வாகமே தருகிறது’ என்ற உங்கள் சொல். நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலியே நிர்வாகம் மனமுவந்து போட்டதன்று. 1918 ஏப்ரல் 27 அன்று செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு ஆகியோரின் முயற்சியால், பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, சென்னையின் பக்கிங்காம், கர்நாட்டிக் நூற்பு, நெசவு ஆலைத் தொழிலாளர்களின் குறைகளுள் ஒன்று, சாப்பிடக்கூட நேரம் போதவில்லை என்பது. தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறார் என்று சொல்லி, 1920இல் ஆலை நிர்வாகம் வாடியாவுக்கு எதிராக உயர்நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றது; அது எழுப்பிய கொந்தளிப்பே சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தந்த 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவகுத்தது.

அக்காலத்தில் ஆளெடுப்பதும் நிறுத்துவதும் மேஸ்திரியின் கையில் இருந்தன. வேலைக்குச் சேரவும் அவருக்குக் கையூட்டு, வேலையில் நிலைக்கவும் கையூட்டு. அந்த அதிகாரத்தைப் பிடுங்கித் தொழிலாளர் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1931இல், பிரிட்டிஷ் அரசு அமைத்த அரச தொழிலாளர் ஆணையம் பரிந்துரைத்தது. 500 பேருக்குக் குறையாத தொழிற்சாலைகளில் நல அலுவலர் கட்டாயம் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. உங்கள் பதவியின் பாட்டனார் அவர்தாம்.

வேலை விதிகளை நிர்வாகம் எழுத்தில் வகுத்து அறிவிக்க வேண்டும் என்ற 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தை நீங்கள் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். நான் அதை என் தந்தையின் முகத்தில் படித்தேன். நூற்பாலையொன்றில் இரவு ஷிப்டு பார்த்த அவரை, மேற்பார்வையாளரை எதிர்த்துப் பேசினார் என்று ஒருநாள் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். மெமோ இல்லை, விசாரணை இல்லை. எழுத்தில் குற்றச்சாட்டு தர வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும் என்ற விதி ஆலையின் அறிவிப்புப் பலகையில் பல ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நிர்வாகத்தில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. சங்கச் செயலாளர் அந்த நிலையாணைப் பிரதியை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்த பிறகே அது சட்டமாயிற்று. பதினோராம் நாள் அப்பா மீண்டும் வேலைக்குப் போனார்.

உங்கள் நிறுவனக் கையேட்டிலும் ஒழுங்கு நடவடிக்கை பற்றி ஓர் அத்தியாயம் இருக்கும். அதை மீறி நாளை உங்களையே வெளியே நிறுத்தினால், அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு உங்களுக்காக உள்ளே போகிறவர் யார் என்று எனக்கு எழுதுங்கள், தம்பி.