'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா? – கேள்வி பதில்

கேள்வி: 'ரன்' என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம்தான் இருக்கிறது? அகராதியைத் திறந்தாலே தலை சுற்றுகிறது.

பதில்: ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியில் வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் பிரித்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. ஆகவே மனப்பாடம் செய்யும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தமிழில் ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, காலம் ஓடுகிறது, மனதில் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது, இதில் எதற்கும் கால் கிடையாது. நிற்காமல் போய்க்கொண்டிருப்பதுதான் அடிப்படை, 'ரன்'னுக்கும் அதேதான்.

கேள்வி: 'ஷீ ரன்ஸ் எவ்ரி மார்னிங்' என்றால் ஓடுகிறாள், சரி. 'ஷீ ரன்ஸ் அ ஸ்கூல்' என்றால் மட்டும் எப்படி நடத்துகிறாள் என்று ஆகிறது?

பதில்: நல்ல கேள்வி, குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது. தமிழில் தானாக ஓடினால் 'ஓடு', இன்னொன்றை ஓட வைத்தால் 'ஓட்டு', இல்லையா? வண்டி ஓடுகிறது, வண்டியை ஓட்டுகிறேன். கடையை ஓட்டுகிறேன், குடும்பத்தை ஓட்டுகிறேன் என்றுகூடச் சொல்கிறோம். பழைய ஆங்கிலத்திலும் இப்படி ஓடுவதற்கு ஒன்று, ஓட வைப்பதற்கு ஒன்று என்று இரண்டு வினைகள் இருந்தன, நாளடைவில் இரண்டும் கலந்து ஒரே 'ரன்' ஆகிவிட்டது. அதனால் வினைக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். 'எவ்ரி மார்னிங்' என்பது எப்போது என்று மட்டும் சொல்கிறது, எதை என்று சொல்லவில்லை, ஆகவே 'ஓடு'. 'அ ஸ்கூல்' எதை என்ற கேள்விக்குப் பதில், ஆகவே 'ஓட்டு'. இந்த ஒரு சோதனையிலேயே பெரும்பாலான வாக்கியங்கள் பிடிபட்டுவிடும், எனக்கு இதுதான் கைகொடுத்தது.

கேள்வி: கிரிக்கெட்டில் ரன் அவுட் தெரியும். 'வி ரேன் அவுட் ஆஃப் பேப்பர்' என்றால்?

பதில்: பேப்பர் தீர்ந்துவிட்டது. 'ரன் அவுட்'டுக்குப் பின் 'ஆஃப்' வந்து, அதன் பின் ஒரு பொருள் வந்தால் பெரும்பாலும் தீர்ந்துபோன கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'நாம்' எழுவாயாக வரும், தமிழில் தீர்ந்த பொருள்தான் எழுவாய். பலர் இதை அப்படியே மாற்றப் போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள்.

கேள்வி: 'ஐ ஹேவ் ரேன்' சரியா?

பதில்: தவறு. நேற்று ஓடினேன் என்றால் 'ரேன்', 'ஹேவ்' முன்னால் வந்தால் மறுபடியும் 'ரன்'.

கேள்வி: மூக்குக்கும் சாயத்துக்கும்கூட 'ரன்' போடுகிறார்களே?

பதில்: ஆமாம், திரவம் வழிந்தாலும் பரவினாலும் 'ரன்'தான். ஆனால் தமிழில் மூக்கு ஒழுகும், துவைத்தால் சாயம் போகும். இரண்டுக்கும் 'ஓடு' பொருந்தாது.

கேள்வி: 'ரன் ஃபார் பிரசிடென்ட்' என்பதை எப்படித் தமிழில் எழுதுவது?

பதில்: தேர்தலில் நிற்கிறார், அல்லது போட்டியிடுகிறார். அமெரிக்காவில்தான் வேட்பாளர் 'ரன்' செய்கிறார், பிரிட்டனில் வழக்கமாக 'ஸ்டேண்ட்' என்பார்கள், அதாவது அவர்களும் நம்மைப் போல நிற்கிறார்கள். அதிபர் பதவிக்கு ஓடுகிறார் என்று எழுதிய மொழிபெயர்ப்புகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள்.