மூன்று டிவியிலும் கேமரா காட்சி: சமையலறைக்குக் கம்பி, மாடிக்கு வைஃபை

வணக்கம். வரவேற்பறை டிவிஆரின் (கேமராக் காட்சிகளைப் பதிவுசெய்யும் பெட்டி) நான்கு கேமராக் காட்சிகளை மாடியிலுள்ள ஆண்ட்ராய்டு டிவியிலும், அம்மாவுக்காகச் சமையலறையில் வைத்துள்ள பழைய எல்இடி டிவியிலும் காண விரும்புவதாகவும், 20 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் இழுத்தும் படம் விட்டுவிட்டு வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். சாதாரணச் செம்புக் கேபிள் அவ்வளவு நீளமானால் சிக்னல் வலுவிழப்பது இயல்பே. ஆகவே டிவிஆரை மாற்ற அவசரப்பட வேண்டாம்.

டிவிஆரின் எச்டிஎம்ஐ வெளியீட்டில், தனி மின் அடாப்டருடன் வரும் ஸ்பிளிட்டரை (ஒரே படத்தை இரண்டாகப் பிரித்துத் தரும் கருவி) பொருத்தி, ஒரு முனையை வரவேற்பறை டிவிக்கும், மற்றொன்றை கேட்6 எனும் நெட்வொர்க் கேபிளில் இயங்கும் எச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டர் (சிக்னலை நீண்ட தூரம் கொண்டுசெல்லும் கருவி) வழியாகச் சமையலறைக்கும் கொடுங்கள். அந்த கேட்6 கேபிள் நடுவில் ஒட்டுப்போடாத ஒரே துண்டாக இருப்பது முக்கியம். பழைய டிவி 720பி படத் தெளிவு வரை மட்டுமே ஏற்குமானால், டிவிஆர் மெனுவில் வெளியீட்டையும் 720பி என்றே வையுங்கள். இல்லையேல் அங்கே திரை கறுப்பாகவே நிற்கக்கூடும். ஸ்பிளிட்டர் இரு திரைகளிலும் ஒரே படத்தைத்தான் காட்டும் என்பதால், அம்மாவுக்கு வாசல் கேமரா மட்டும் போதுமென்றால், அந்த டிவியில் ஆண்ட்ராய்டு ஸ்டிக் (டிவியில் செயலிகளை இயக்க உதவும் சிறு கருவி) செருகி, மாடி டிவிக்குக் கீழே சொல்லும் முறையிலேயே அந்தக் கேமராவை மட்டும் காட்டுவதே மேல் என்பது என் கருத்து.

மாடிக்குக் கம்பி வேண்டாம். டிவிஆரை ரௌட்டருடன் லேன் கேபிளால் இணைத்து, மாடி டிவியில் டைனிகேம் மானிட்டர் போன்ற செயலியை நிறுவி, ஒவ்வொரு கேமராவுக்கும் உரிய ஆர்டிஎஸ்பி முகவரியை (நெட்வொர்க் வழியே நேரடிக் காட்சியைப் பெறும் முகவரி) கொடுத்தால் நான்கு கேமராக்களும் ஒன்றாகத் தெரியும். அந்த முகவரியில் வரும் போர்ட் எண் பெரும்பாலும் 554. முழுத் தெளிவுள்ள மெயின் ஸ்ட்ரீமுக்குப் பதிலாக, தெளிவு குறைந்த சப் ஸ்ட்ரீமைத் தேர்ந்தெடுத்தால் வைஃபை திணறாது. டிவிக்கென்று, பார்க்க மட்டும் அனுமதியுள்ள தனிப் பயனர் கணக்கை டிவிஆரில் உருவாக்குங்கள். இவை யாவும் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே நடப்பதால், ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளி இணையத்திலிருந்து டிவிஆருக்கு வழிவிடும் அமைப்பு) எதையும் தயவுசெய்து திறக்காதீர்கள்.