எந்த நாடு என்பது அப்புறம், வேனில் யார் யார்?

“டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளையும் முட்டிவலி உள்ள அம்மாவையும் கூட்டிக்கொண்டு வெளிநாடு போகலாமா, மலேசியாவுக்குள்ளேயே சுற்றலாமா? கையில் 5,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. பிள்ளைகள் ஜப்பான், ஜப்பான் என்று நச்சரிக்கிறார்கள்” என்று கிள்ளானிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி, ஜப்பானை இப்போதைக்கு ஓரமாக எடுத்து வையுங்கள். ஆண்டிறுதியில் விமானக்காரர்கள் சொல்லும் விலைக்கு ஐந்து பேருக்கு 5,000 வெள்ளி போகவர டிக்கெட்டுக்கே காணாது. பிள்ளைகளின் வகுப்பில் ஜப்பான் போனவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள். வீட்டுக்கு வந்து சொல்லும்போது “எல்லாரும் போயிட்டாங்க” என்று ஆகிவிடும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

நான் சுங்கை சிப்புட்காரி. செம்பனை ஆலையில் லாரி எடை எழுதும் வேலை. வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறார். பள்ளி விடுமுறை விட்டால் அவருக்கும் விடுமுறை, வேனுக்கும் விடுமுறை. அதனால் இந்தக் கேள்வி வருடா வருடம் எங்கள் வீட்டுக் கூடத்தில் சண்டையாக வரும். என் முடிவு ஒன்றுதான்: இடத்தை முதலில் பேசாதீர்கள், ஆளை முதலில் பேசுங்கள். வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் வர வேண்டும் என்றால் உள்ளூர். அப்பா, அம்மா, பிள்ளைகள் மட்டும் போதும் என்றால் வெளிநாடு போகலாம், தப்பில்லை. “குடும்பத்தோடு” என்று சொல்லிவிட்டுப் பாதிப் பேரை வீட்டில் விட்டுப் போகிறோமே, அதைத் தெரிந்தே செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டு ஆட்களைச் சொல்கிறேன். மாமனாருக்கு டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. சனிக்கிழமை மத்தியானம் ஊசியைக் கழற்றினால் செவ்வாய்க்கிழமை காலை வரைதான் அவருக்கு நேரம். ஆக, எங்கள் சுற்றுலா என்பது ஞாயிறு விடிகாலையில் கிளம்பித் திங்கள் இராத்திரி வீடு திரும்புவது. வேறு ஊர் நிலையத்தில் விருந்தாளியாக டயாலிசிஸ் செய்துகொள்ள முடியும். அதற்குப் பல நாள் முன்பே இடம் கேட்டு வைக்க வேண்டும், இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் காட்ட வேண்டும், அவர்களிடம் காலி இயந்திரமும் இருக்க வேண்டும். வெளிநாட்டில் அதைச் செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். செலவு நம் கையிலிருந்து போகும். கடற்கரைக்குப் போனாலும் மனுசனுக்கு இளநீர் கூடாது, பொட்டாசியம் ஏறிவிடும். இளநீர்க் கடை வந்தால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருவார்.

அடுத்தது அத்தை. மாமனாரின் அக்கா, நாங்கள் எல்லாரும் அத்தை என்றே கூப்பிடுவோம். பிறந்தது தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்), மருத்துவச்சி கையில். பிறப்புப் பத்திரம் எடுக்க யாரும் போகவில்லை. கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. சிவப்பு ஐசி என்றால் நிரந்தரவாசி, குடியுரிமை இல்லை, மலேசிய பாஸ்போர்ட் கிடைக்காது. இந்த மண்ணை விட்டு ஒரு நாளும் வெளியே போகாதவருக்கு வெளியே போகக் காகிதம் இல்லை. தோட்டப்புறத்திலிருந்து வந்த குடும்பங்களில் இப்படி ஒருவர் இருப்பது புதுசில்லை. உங்கள் அம்மாவின் ஐசி நீலமா சிவப்பா என்று நான் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டிக்கெட் வாங்கிய பிறகு பார்ப்பதைவிட முன்னாலேயே பார்ப்பது நல்லது.

இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நாங்கள் போகும் இடங்களில் எனக்குப் பிடித்தது பங்கோர். லூமுட்டில் வேனை நிறுத்திவிட்டு ஃபெரி ஏறினால் தீவு. அங்கே இளஞ்சிவப்பு நிறத்தில் வேன் டாக்சிகள் ஓடும், அதில் ஏறித் தெலுக் நீப்பா கடற்கரைக்குப் போய்விடலாம். சாயங்காலம் இருவாச்சிப் பறவைகள் தாமே வந்து வேலியிலும் கூரையிலும் உட்காரும். அலகுக்கு மேலே இன்னொரு அலகு வைத்த மாதிரி இருக்கும். வாழைப்பழத் துண்டைத் தூக்கிப் போட்டால் காற்றிலேயே பிடிக்கும். சுங்கை பினாங் கெச்சிலில் கடலைப் பார்த்தபடி பத்திரகாளியம்மன் கோவில் இருக்கிறது. மாசி மகத்துக்குப் பேராக் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிற கோவில். மகத்தன்று வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், ஃபெரிக்கு நிற்கிற வரிசையே போதும். சாதாரண நாளில் போனால் ஆற அமர உட்கார்ந்து கும்பிடலாம். 1670இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் மிச்சமும் இருக்கிறது, பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடுவார்கள். 2020 தொடக்கத்திலிருந்து தீர்வையில்லாத் தீவு என்பதால் அவர்கள் கண் சாக்லேட் கடை மேல்தான். பெரியவர்களுக்கு நெத்திலிக் கருவாடு.

தங்குவதற்கு ஹோட்டல் வேண்டாம், ஹோம்ஸ்டே எடுங்கள். மூன்று அறை, அடுப்பு, ரைஸ் குக்கர் உள்ள முழு வீடு. ஹோட்டலில் ஐந்து பேர் என்றால் இரண்டு அறை கேட்பார்கள், உங்கள் அம்மா ஒரு அறையில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். புக் பண்ணும் முன்பு வீட்டுக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: படி ஏற வேண்டுமா, உட்காரும் கழிவறையா குந்தும் கழிவறையா, சமைக்க விடுவார்களா. சில வீடுகளில் ஹலால் சமையல் மட்டும் என்பார்கள், சில வீடுகளில் தண்ணீர் கொதிக்க வைக்கலாம், அதற்கு மேல் கூடாது. முட்டிவலி உள்ளவருக்குக் குந்தும் கழிவறை கிடைத்தால் அந்தப் பயணம் அன்றே முடிந்தது. கழிவறையின் படத்தை வாட்சப்பில் கேட்க வெட்கப்படாதீர்கள், நான் கேட்பேன்.

கேமரன் மலை வேண்டாமா என்று கேட்பீர்கள். பள்ளி விடுமுறையில் வேண்டவே வேண்டாம். பிரிஞ்சாங்கிலிருந்து கியா ஃபார்ம் வரை வண்டி நகராது. நீங்கள் பார்க்கப்போவது தேயிலையை இல்லை, முன்னால் நிற்கிற காரின் நம்பர் பிளேட்டை. பள்ளி நடக்கிற வாரத்தில் இரண்டு நாள் லீவு போட முடிந்தால் அருமையான இடம்.

இன்னொன்று, காசே செலவாகாத இடம். கோலகங்சார் எங்களுக்குப் பக்கத்து ஊர். ஹியூ லோ என்ற பிரிட்டிஷ் ரெசிடென்ட் 1877இல் ஒன்பது ரப்பர் கன்றுகளை அங்கே நட்டார். அதில் ஒன்று என்று சொல்லப்படும் மரம் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. ரப்பர்த் தோட்டங்களுக்கு நம் ஆட்களைக் கப்பலில் கொண்டுவந்து லயத்தில் வைத்த கதையின் தொடக்கத்தில் இந்த மாதிரிக் கன்றுகள்தான் இருக்கின்றன. ஒரு முறை உபுடியா மசூதியைக் காட்டப் பிள்ளைகளைக் கூட்டிப் போனபோது வீட்டுக்காரர் வேனை அந்தப் பக்கமும் விட்டார். அத்தை இறங்கி, கழுத்தை நீட்டி, பட்டையை மேலும் கீழும் பார்த்தார். அடிமரம் முண்டும் முடிச்சுமாக இருந்தது. “எவனோ கத்தி பிடிக்கத் தெரியாதவன் சீவியிருக்கான். கட்டையத் தொட்டுட்டான், அதான் முண்டு முண்டா வீங்கிக் கெடக்கு” என்றார். என் பையன் “கட்டையத் தொடாம எப்படி அத்தப்பாட்டி சீவுறது?” என்று கேட்டான். அவ்வளவுதான். வேனின் பக்கத்துத் தகரத்தை மரமாக்கி, ஆள்காட்டி விரலைக் கத்தியாக்கி, இடது கை மேட்டிலிருந்து வலது கைப் பள்ளத்துக்குச் சரிவாக ஒரு கோடு இழுத்தார். பட்டை எவ்வளவு கனத்துக்குச் சுருள வேண்டும் என்று நகத்தைக் காட்டினார். இருட்டோடு ஏன் மரத்துக்குப் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் ஏன் சீக்கிரம் நின்றுவிடும், மழை பெய்தால் கூலிக்கு என்ன ஆகும் என்று சொல்லிக்கொண்டே போனார். எங்களுக்கு மசூதி மறந்துபோய்விட்டது. அத்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தால் அது வெறும் ஒரு பழைய மரம், பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு வேனில் ஏறியிருப்போம்.

சரி, வெளிநாடே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். கொழுந்தனார் வந்து மாமனாரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன சமயத்தில் நாங்கள் நால்வரும் தென் தாய்லாந்தில் இருக்கிற ஹட்யாய் போயிருக்கிறோம். எங்கள் ஊர் ஸ்டேஷனில் நிற்கிற இடிஎஸ் என்கிற மின்சார ரயிலில் ஏறி, எல்லை ஊரான பாடாங் பெசாரில் இறங்கினால், அந்த ஸ்டேஷனிலேயே மலேசியக் குடிநுழைவும் தாய்லாந்துக் குடிநுழைவும் இருக்கின்றன. முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு அங்கிருந்தே தாய்லாந்து ரயில் ஏறலாம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். விசா வேண்டாம், விமான வரி வேண்டாம், ஒரு வெள்ளிக்கு ஏழு பாட்டுக்கு மேல் கிடைக்கும். சின்னவள் பாஸ்போர்ட்டில் விழுந்த முதல் முத்திரையை ஊதி ஊதிக் காயவைத்தாள். அதையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. பிள்ளைகளுக்கு எல்லை என்றால் என்ன என்று புரிய அது போதும். அதற்கு ஏழு மணி நேரம் பறக்க வேண்டியதில்லை.

போகிறீர்கள் என்றால் ஒன்று கவனியுங்கள். 2025 மே மாதத்திலிருந்து தாய்லாந்துக்குள் நுழைகிற வெளிநாட்டவர் எல்லாரும் டிடிஏசி என்ற மின்னியல் நுழைவு அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். அது இலவசம். காசு கேட்கிற வலைப்பக்கம் என்றால் அது அரசாங்கத்துடையது இல்லை, மூடிவிட்டு வெளியே வாருங்கள். டிசம்பரிலும் அங்கே போகாதீர்கள். நவம்பரும் டிசம்பரும் தென் தாய்லாந்துக்கு மழைக்காலம். 2025 நவம்பரில் ஹட்யாய் மூழ்கியபோது நம் ஆட்கள் எத்தனையோ பேர் ஹோட்டல் மாடியில் சிக்கிக்கொண்டு கிடந்தார்கள். அதே மழைதான் நம் கிழக்குக் கரையிலும். பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் அந்த மாதங்களில் பூட்டியிருக்கும். டிசம்பரில் கடல் வேண்டும் என்றால் மேற்குக் கரைதான்.

தமிழ்நாட்டைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். திருச்சிக்கு நாலு மணி நேரம், கோவில்கள், துணிக்கடைகள் என்று. போய் வாருங்கள், ஆனால் அதை விடுமுறை என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அது கடமை. போகும்போது பெட்டியில் பாதி கோடாலித் தைலமும் மைலோவும். இறங்கியதிலிருந்து பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு, குலதெய்வம், பழனி. ஒரு வீட்டில் சாப்பிட்டு அடுத்த வீட்டில் சாப்பிடவில்லை என்றால் பேச்சு பத்து வருடத்துக்கு நிற்கும். திரும்பி வந்த பிறகு நமக்கு ஒரு விடுமுறை தேவைப்படும். நமக்கு இந்தியாவுக்கு விசா வேண்டும், இணையத்தில் எடுக்கலாம், கிளம்புகிற வாரம் வரை தள்ளிப் போடாதீர்கள். டிசம்பரில் அங்கும் மழை முழுசாக விட்டிருக்காது, மே மாதம் போனால் கத்திரி வெயில்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த டிசம்பரில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பங்கோர், கொஞ்சம் வடக்கே சுற்ற முடிந்தால் தைப்பிங் ஏரிப் பூங்காவில் ஒரு பொழுது. பெட்ரோல், ஹோம்ஸ்டே, ஃபெரி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 5,000இல் பாதிகூடத் தாண்டாது. மீதியில் பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள். பெரியவர்களுக்கு 200 வெள்ளி, 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கும் 60 வயது தாண்டிய அம்மாவுக்கும் தலைக்கு 100 வெள்ளிதான், ஐந்து வருடம் செல்லும். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஒரு சின்ன விடுமுறை வரும், அப்போது ஹட்யாய்க்கு ரயில் ஏறலாம். அம்மாவுக்கு முடிந்தால் அவரும் வரட்டும், ஸ்டேஷனில் மின்தூக்கி வேலை செய்கிறதா என்று மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இடிஎஸ் டிக்கெட் விடுமுறைக்குச் சீக்கிரம் முடிந்துவிடும், விற்பனை திறந்த அன்றே வாங்கிவிடுங்கள். பங்கோர் ஹோம்ஸ்டேக்கும் அதே கதைதான். டிசம்பருக்கு இந்த வாரமே ஃபோன் அடியுங்கள், சனிக்கிழமையைத் தவிர்த்து ஞாயிறு, திங்கள் இரவு கேட்டால் விலையும் குறைப்பார்கள்.