கோடோ கேம் இன்ஜினில் ஒரு நோடை இடம் மாற்றினாலே பாதை உடைந்துபோகிறதே, என்ன செய்வது?

கோடோவில் விளையாட்டின் ஒவ்வொரு உறுப்பும் ஒரு நோடு; நோடுகளை மரம்போல அடுக்கிய தொகுப்பு ஸீன்; ஒரு நோடிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிதான் பாதை. உங்கள் நிலைமை இதுதானே: பிளேயர் ஸ்கிரிப்டில் "../../யூஐ/மார்ஜின்/ஸ்கோர்லேபிள்" என்று ஒரு பாதை இருக்கிறது. லேபிளைத் தூக்கி ஒரு விபாக்ஸுக்குள் (மேலிருந்து கீழாக அடுக்கும் கன்டெய்னர்) போட்டதும் நல், அதாவது நோடு கிடைக்கவில்லை, என்று பிழை வருகிறது. இப்போது எத்தனை ".." (ஒவ்வொன்றும் ஒரு படி மேலே) போட வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

எண்ணிக்கைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாதை தொடங்குவது ஸ்கிரிப்ட் ஒட்டியிருக்கும் நோடிலிருந்து, ஸீனின் ரூட்டிலிருந்து (உச்சி நோடிலிருந்து) இல்லை. வலது கிளிக் செய்து "காப்பி நோட் பாத்" கொடுத்தால் கிடைப்பதோ ஸீன் ரூட்டிலிருந்து எழுதிய பாதை. அதைக் குழந்தை நோடின் ஸ்கிரிப்டில் ஒட்டினால் வேலை செய்யாது. அதற்குப் பதில் நோடை ஸ்கிரிப்ட் எடிட்டருக்குள் இழுத்துப் போடுங்கள். சரியான பாதையை எடிட்டரே எழுதித் தரும். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு விட்டால் ஆன்ரெடி மாறியாகவே (நோடு தயாராகும்போது மதிப்பு பெறும் மாறி) வந்துவிடும்.

ஆனால் இந்தப் பாதையைச் சரிசெய்ய வேண்டாம், தூக்கிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. பாதை கீழ்நோக்கிப் போனால் பிரச்சினை குறைவு. பிளேயருக்குள் இருக்கும் ஸ்ப்ரைட்டை $ஸ்ப்ரைட் என்று கூப்பிடுவதில் ஒரு தப்பும் இல்லை, அது பிளேயரின் சொந்தச் சொத்து. ".." என்று மேலே ஏறும்போதுதான் வம்பு. தன்னை யார், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பிளேயருக்குத் தெரிந்திருக்க வேண்டியதாகிவிடுகிறது. பிளேயர் ஸீனை மட்டும் திறந்து எஃப்6 அழுத்தி ஓட்டிப் பாருங்கள். பாதை இருக்கும் வரியில் பிழை வந்து நின்றால் அந்த ஸீன் தனியாக நிற்காது என்று அர்த்தம். "/ரூட்/மெயின்/..." என்று முழுப் பாதை எழுதுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

ஸ்கோருக்குச் சரியான வழி சிக்னல், அதாவது ஒரு நோடு "இது நடந்தது" என்று விடும் அறிவிப்பு. பிளேயர் "ஸ்கோர் மாறியது" என்று சிக்னலை எமிட் செய்யட்டும்; பிளேயர், யூஐ இரண்டையும் வைத்திருக்கும் மெயின் ஸீன் அதை லேபிளோடு கனெக்ட் செய்யட்டும். கோடோ ஆட்கள் அடிக்கடி சொல்வதுதான்: கீழே இருப்பவரை நேராகக் கூப்பிடு, மேலே இருப்பவருக்கு சிக்னல் கொடு.

யூஐ ஸீனுக்குள்ளேயே கன்டெய்னருக்குள் கன்டெய்னர் என்று ஆழமாகப் போகும் இடத்தில் யூனிக் நேம் (ஸீனுக்குள் ஒரு நோடுக்கு மட்டுமே உரிய பெயர்) பயன்படுத்துங்கள். இது கோடோ 3.5-இல் வந்தது. நோடில் வலது கிளிக், "ஆக்சஸ் ஆஸ் யூனிக் நேம்", அப்புறம் %ஸ்கோர்லேபிள் என்று எழுதினால் போதும். எந்த விபாக்ஸுக்குள் நகர்த்தினாலும் கிடைக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இது அந்த ஸீனுக்குள் மட்டும்தான் செல்லும். இன்னொரு ஸீனிலிருந்து வெறும் % போட்டுத் தேடினால் கிடைக்காது.

கோடோ 4 என்றால் எக்ஸ்போர்ட் மாறிக்கு (எடிட்டரிலேயே மதிப்பு கொடுக்கக்கூடிய மாறி) லேபிள் என்றே டைப் கொடுத்து, நோடின் பண்புகளைக் காட்டும் இன்ஸ்பெக்டரில் நோடை இழுத்து வைக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எடிட்டருக்குள் பெயரை மாற்றினாலும் இடத்தை மாற்றினாலும் எடிட்டரே பின்தொடர்ந்து திருத்திவிடும். ஸ்கிரிப்டில் நீங்கள் கையால் எழுதிய பாதைக்கு அந்தச் சலுகை இல்லை.

பாதை சரியாக இருந்தும் நல் வருவது தனிக் கதை. ரெடி (நோடு தயாரானதும் இன்ஜின் கூப்பிடும் ஃபங்ஷன்), குழந்தைகளுக்கு முதலில் ஓடும், பெற்றோருக்குக் கடைசியில். உடன்பிறந்த நோடுகளில் மேலே இருப்பதற்கு முதலில். அதனால் உங்கள் ரெடியில், வரிசையில் உங்களுக்குக் கீழே இருக்கும் உடன்பிறந்த நோடைத் தேடினால் நோடு கிடைக்கும். ஆனால் அதன் ஆன்ரெடி மாறிகள் இன்னும் காலியாக இருக்கும். புதியவர்கள் பாதையைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்துக் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

ஓடும்போது உருவாக்கும் எதிரிகளைப் பெயரால் தேடவே வேண்டாம். ஒரே பெயரில் இரண்டாவது வந்தால் இன்ஜின் @ போட்டுத் தானாக ஒரு பெயர் வைத்துவிடும். விளையாட்டு ஓடும்போது ஸீன் பகுதியில் ரிமோட் தாவலைத் திறந்தால் உண்மையான பெயர்களைப் பார்க்கலாம். அவற்றை ஒரு குரூப்பில் சேர்த்து, குரூப் பெயரால் எடுங்கள்.

யூனிட்டி இன்ஜினில் பெயரால் பொருளைத் தேடும் கேம்ஆப்ஜெக்ட் ஃபைண்ட் இருக்கிறதே என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கேயும் இதே தலைவலிதான். போதாக்குறைக்கு அது ஆக்டிவாக இருக்கும் பொருள்களை மட்டும்தான் கண்டுபிடிக்கும்.